வீடும் லோடுதான்: ஸ்டைன்பெக்கின் இரண்டு வண்டிகள்

ஜான் ஸ்டைன்பெக்கின் ‘டிராவல்ஸ் வித் சார்லி’யை நான் மூன்று தடவை வாசித்திருக்கிறேன். முதல் தடவை கல்லூரியில், ஊர் சுற்றும் ஆசையில். இரண்டாவது தடவை, ஒரு பழைய சின்ன லோடு வண்டியின் பின்பக்கம் படுக்கை, அடுப்பு, தண்ணித் தொட்டி எல்லாம் வைத்து ஒரு பெட்டி கட்டலாம் என்று கிளம்பியபோது. மூன்றாவது தடவை போன மாதம். அந்தப் பெட்டியின் கூரைக் கசிவை நாலாவது முறையாக அடைத்துவிட்டு, கையில் பசை காயாமல் உட்கார்ந்து வாசித்தேன். இந்தத் தடவைதான் புத்தகத்தின் மேல் கோபம் வந்தது. அந்தக் கோபம் நியாயமா, இல்லை என் முதுகுவலியா என்று பார்ப்பதற்காக இந்தக் குறிப்பு.

முதலில் புத்தகத்தைப் பற்றி, வாசிக்காதவர்களுக்காக. 1960 செப்டம்பரில், 58 வயதில், ஸ்டைன்பெக் ஒரு ஜிஎம்சி பிக்கப் டிரக்கை எடுத்துக்கொண்டு நியூயார்க் மாநிலத்தின் சாக் ஹார்பரிலிருந்து அமெரிக்காவைச் சுற்றக் கிளம்புகிறார். பின்பக்கம் ஒரு சின்ன வீடு. கட்டில், அடுப்பு, ஹீட்டர், குளிர்ப்பெட்டி, கழிப்பறை, கொசுவலை அடித்த ஜன்னல். துணைக்கு சார்லி என்ற பூடில் நாய். வண்டிக்கு டான் குவிக்ஸோட்டின் குதிரைப் பெயரான ரோசினான்ட் என்று பெயர் வைக்கிறார். சுமார் 10,000 மைல் ஓடிவிட்டுத் திரும்புகிறார். புத்தகம் 1962-இல் வந்தது. அதே வருஷம் நோபல் பரிசும் வந்தது. அந்த டிரக் இப்போது கலிபோர்னியாவின் சலினாஸில் உள்ள ஸ்டைன்பெக் மையத்தில் பார்வைக்கு நிற்கிறது.

பிக்கப் மேல் வீடு கட்டிக்கொண்டு சுற்றும் எல்லாருக்கும் இது ஒரு வேதப்புத்தகம் மாதிரி. கேம்பர் வண்டி பற்றி எழுதுகிறவர்கள் எப்படியும் ஓரிடத்தில் இதைத் தொட்டுவிடுவார்கள். எங்க ஊர்ப் பக்கம் ‘கேம்பர்’ என்றால் பொலிரோ கேம்பர்தான். நாலு கதவு, பின்னால் சரக்குத் தொட்டி. அதனால் நான் கேம்பர் கட்டுகிறேன் என்று சொன்னபோது, பாதிப் பேர் புது வண்டி எடுக்கப்போகிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள்.

பராமரிப்பே இல்லாத பயணம்

என் கோபத்துக்குக் காரணம் இது. பத்தாயிரம் மைல் ஓடிய வண்டியைப் பற்றிய புத்தகத்தில் வண்டியைப் பராமரிக்கும் வேலை ஏறக்குறைய இல்லவே இல்லை. கிளம்பும்போது கருவிகளை அடுக்குகிறார். கடப்பாரை, மண்வெட்டி, சரிபார்க்க, செப்பனிட, புதிதாக ஒன்றைச் செய்துகொள்ள என்று எல்லாம் ஏற்றுகிறார். பிறகு அவை என்ன ஆயின என்பது பெரிதாகத் தெரியாது. நம்ம ஊர்க் கல்யாணத்துக்குக் கூப்பிட்ட நாதஸ்வரக்காரரை வாசிக்கச் சொல்லாமலே அனுப்பின மாதிரி.

நியாயமாகச் சொன்னால், ஒரு இடத்தில் அவருடைய கை வேலை வெளிப்படுகிறது. மூடி போட்ட ஒரு பிளாஸ்டிக் வாளியை அலமாரிக்குள் நீளும் கயிறால் கட்டித் தொங்கவிடுகிறார். உள்ளே அழுக்குத் துணி, தண்ணி, சோப்பு. வண்டி ஓடும் குலுக்கலிலேயே துணி துவைந்துவிடும். இதை நானும் செய்து பார்த்தேன். பாளையங்கோட்டையிலிருந்து அம்பாசமுத்திரம் போவதற்குள் துணி நன்றாகவே வெளுத்தது. எங்க ரோட்டின் குழிகளுக்கு அன்றைக்குத்தான் முதல் தடவையாக நன்றி சொன்னேன்.

ஆனால் அதே மனுஷர், என்றாவது வாசிப்போம் என்று தள்ளிப்போட்ட புத்தகங்களை மட்டும் 150 பவுண்டு ஏற்றுகிறார். நம்ம கணக்கில் 68 கிலோ. ஒரு முழு ஆள். அதுபோக டப்பா உணவு, துப்பாக்கித் தோட்டா, போர்வை, தேவைக்கு மேல் செருப்பும் பூட்ஸும். அதிகமாக ஏற்றிவிட்டோம் என்று அவரே ஒப்புக்கொள்கிறார். ஆனால் வேடிக்கையாகச் சொல்லிக் கடந்துவிடுகிறார். அந்த வேடிக்கைக்கான பில் ஓரிகனில் வருகிறது.

ஓரிகனில் வெடித்த டயர்

ஓரிகன் மாநிலத்தில், மழை பெய்யும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆள் இல்லாத ரோட்டில் ரோசினான்டின் பின் டயர் வெடிக்கிறது. சேற்றில் படுத்து டயரை மாற்றுகிறார். இன்னொரு டயரும் போகிற நிலை. மெல்ல உருட்டிக்கொண்டு போய் ஒரு பெட்ரோல் பங்க்கைப் பிடிக்கிறார். அங்கே இருப்பவர் முகத்தில் வடுவும் ஒரு கண்ணில் வெள்ளையுமாக, பார்க்கவே பயம் தரும் ராட்சசன். அந்த ஆள்தான் அங்கே இங்கே போன் போட்டு, ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல், அந்த வண்டிக்குப் பொருந்தும் கனமான டயர்களைத் தேடிப் பிடித்து வரவழைக்கிறார். ஸ்டைன்பெக் உருகிப்போய் அவரை வாழ்த்துகிறார்.

புத்தகத்திலேயே எனக்குப் பிடித்த பகுதி இதுதான். ஆனால் கவனியுங்கள். நாய்க்குப் பேர் இருக்கிறது, டிரக்குக்குப் பேர் இருக்கிறது. அந்த மனுஷருக்குப் பேர் இல்லை. அவர் வரமாகத் தோன்றி, வேலையை முடித்து, மறைந்துவிடுகிறார். கோயில் தல புராணத்தில் வழிப்போக்கராக வந்து உதவிவிட்டு அந்தர்த்தானமாகும் சாமி மாதிரி. டயர் ஏன் வெடித்தது, எவ்வளவு எடை ஏறியிருந்தது, பின் அச்சுக்கு எவ்வளவு தாங்கும் என்பதெல்லாம் அந்த வாழ்த்தில் அடித்துக்கொண்டு போய்விடுகிறது.

இந்தப் புத்தகத்தை 2010-இல் பில் ஸ்டைகர்வால்ட் என்ற பத்திரிகையாளர் அதே பாதையில் போய்ச் சரிபார்த்தார். பல உரையாடல்கள் நடந்திருக்க வாய்ப்பில்லை, பல இரவுகள் டிரக்கில் இல்லை, ஓட்டலிலும் மனைவியோடும் கழிந்தவை என்று காட்டினார். 2012-இல் வந்த ஐம்பதாம் ஆண்டுப் பதிப்பின் முன்னுரையே இதை அப்படியே வரலாறாக எடுத்துக்கொள்ளாதீர்கள் என்று எச்சரித்தது. விமர்சகர்கள் எல்லாரும் உரையாடலின் உண்மையைத்தான் சந்தேகப்பட்டார்கள். என் குறை வேறு. ஒரு வண்டி ஓடுவதற்கு எத்தனை பேர் கை தேவை என்பதை இந்தப் புத்தகம் மறைக்கிறது. தனியாகப் போனேன் என்ற பெரிய கதைக்குக் கீழே இது மறைந்துவிட்டது.

அதே ஆள் 1939-இல் எழுதியது

ஸ்டைன்பெக்குக்கு இது தெரியாது என்று சொல்ல முடியாது. தெரிந்தவர்தான், அதனால்தான் கோபம்.

‘தி கிரேப்ஸ் ஆஃப் ராத்’ நாவலை எடுத்துப் பாருங்கள். ஓக்லஹோமாவில் நிலத்தை இழந்த ஜோட் குடும்பம் கலிபோர்னியாவுக்குக் கிளம்புகிறது. அவர்கள் வண்டி ஒரு பழைய ஹட்சன் கார். பின்பாதியை வெட்டி எடுத்து டிரக் ஆக்கியது. பாதிரி கேசியையும் சேர்த்து 13 பேர், மெத்தை, சட்டி பானை, உப்புக்கண்டம். என்னைக் கேட்டால் இலக்கியத்தின் உண்மையான கேம்பர் வண்டி ரோசினான்ட் இல்லை, இந்த ஹட்சன்தான்.

அந்த வண்டியை ஓட்டும் பையன் ஆல் ஜோட். உடம்பு முழுக்கக் காதாக வைத்துக்கொண்டு ஓட்டுவான். ஸ்டியரிங்கில், கியர்க் கம்பியில், கால் வைத்திருக்கும் பலகையில் வரும் அதிர்வைக் கவனித்துக்கொண்டே இருப்பான். வழியில் சேர்ந்துகொண்ட வில்சன் தம்பதியின் டாட்ஜ் காரில் கனெக்டிங் ராடு பேரிங் போய்விடுகிறது. வண்டியை நிறுத்துகிறார்கள். மற்றவர்கள் டிரக்கில் முன்னால் போகட்டும், நானும் கேசியும் இருந்து சரிசெய்துவிட்டு வருகிறோம் என்கிறான் டாம். அம்மா ஜாக்கிக் கம்பியைக் கையில் எடுத்துக்கொள்கிறாள். குடும்பம் பிரியக் கூடாது, யாராவது கிளம்பினால் அடி விழும் என்கிறாள். ஜாக்கிக் கம்பிக்கு இப்படி ஒரு உபயோகத்தை எந்தப் பராமரிப்புக் கையேடும் சொன்னதில்லை.

பிறகு டாமும் ஆலும் பழைய வண்டிகளை உடைக்கும் ஒரு காயலான் கடைக்குப் போகிறார்கள். அங்கேயும் ஒரு ஒற்றைக்கண் ஆள். அவனுடைய முதலாளி மேல் அவனுக்கு இருக்கும் வெறுப்பைக் கேட்கிறார்கள், அவன் கண்ணைப் பற்றி டாம் திட்டுகிறான், தேவையான பாகத்தைக் கழற்றி எடுக்கிறார்கள். அன்று இரவே மாட்டுகிறார்கள். பிஸ்டன் வளையங்கள் விரிந்து நின்றால் சிலிண்டருக்குள் போகாது. அதனால் மெல்லிய பித்தளைக் கம்பியைச் சுற்றி இறுக்கி உள்ளே தள்ளுகிறான் டாம். நம்ம ஊர்ப் பட்டறையில் டின் தகட்டைச் சுற்றி இறுக்குவார்கள், அதே வேலைதான். அந்த அத்தியாயத்தை வைத்துக்கொண்டு ஒரு மெக்கானிக் வேலையைப் பின்தொடரலாம். யார் விளக்கைப் பிடித்தார்கள், யார் அடியில் படுத்தார்கள், யாருக்குக் கையில் அடிபட்டது என்பது உட்பட.

இரண்டு ஒற்றைக்கண் மனிதர்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1939-இல் அவனுக்குக் கோபம் இருக்கிறது, முதலாளி இருக்கிறான், தூங்கக் குடிசை இருக்கிறது, அழுகை இருக்கிறது. 1962-இல் அவர் வெறும் அதிசயம். இடையில் மாறியது மெக்கானிக் இல்லை. எழுதுகிறவர் வண்டியில் உட்கார்ந்திருக்கும் இடம் மாறிவிட்டது. ஜோட்கள் வண்டிக்கு அடியில் படுத்தவர்கள். ரோசினான்டின் சொந்தக்காரர் உள்ளே படுத்தவர்.

பர்சிக் சொன்னது பாதி சரி

ராபர்ட் பர்சிக்கின் 1974 புத்தகமான ‘ஜென் அண்ட் தி ஆர்ட் ஆஃப் மோட்டார்சைக்கிள் மெயின்டனன்ஸ்’ இந்த இடத்துக்கு மருந்து என்று பலர் சொல்வார்கள். அவர் வண்டியைத் தானே பார்த்துக்கொள்கிறவர். ரேடியோவை அலறவிட்டு வேலை பார்த்த ஒரு ஷாப்பில் அவர் எஞ்சினைக் கெடுத்ததையும், கடைசியில் கோளாறு ஒரு சின்ன பின் உடைந்ததுதான் என்று தானே கண்டுபிடித்ததையும் சொல்வார். நண்பரின் விலை உயர்ந்த பிஎம்டபிள்யூவில் ஹேண்டில்பார் நழுவ, பீர் டப்பாத் தகட்டை வெட்டி இடையில் வைக்கலாம் என்பார். நண்பருக்கு அது அவமானமாகப் படும். தகடு தகடுதான், அது எந்த டப்பாவிலிருந்து வந்தால் என்ன? இந்தப் பகுதியை எங்க ஊர் மெக்கானிக் யாருக்குச் சொன்னாலும், இதைச் சொல்லவா ஒரு புத்தகம் என்பார்கள்.

அக்கறை இல்லாமல் தொட்ட வேலை கெட்டுப்போகும் என்று பர்சிக் சொல்வது சரி. ஆனால் அவருடைய தீர்வு, ஷாப்பை விட்டுவிட்டுத் தனி ஆளாக உன் கராஜுக்குள் போ என்பதாகவே முடிகிறது. ஸ்டைன்பெக் மெக்கானிக்கைச் சாமி ஆக்கினார். பர்சிக் அவனைச் சோம்பேறி ஆக்கினார். இரண்டிலும் பக்கத்தில் நின்று ஸ்பேனர் எடுத்துக்கொடுக்கும் ஆள் கிடையாது.

தாமிரபரணிக் கரையில் கேம்பர்

எங்க பக்கம் வண்டியில் குடித்தனம் என்பது புதுசு இல்லை. ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போகும் குடும்பங்கள் ஆற்றங்கரைக் காட்டில் குடில் போட்டுத் தங்குவார்கள். சின்ன வயசில் நான் பார்த்தபோது லாரியிலும் டிராக்டரிலும் மூங்கிலை வளைத்துத் தார்ப்பாய் கட்டி, அரிசி மூட்டை, விறகு, அண்டா, பாட்டி எல்லாரையும் ஏற்றிக்கொண்டு போவார்கள். இப்போது புலிகள் காப்பகத்துக்குள் தனியார் வண்டிகளுக்கும் தங்கும் நாட்களுக்கும் கட்டுப்பாடு வந்துவிட்டது. காட்டுக்கு அது நல்லதுதான்.

அதற்கு முன்னால் கூண்டு வண்டி. மாட்டு வண்டி வைத்திருந்தவர் யாரும் அதை முழுக்கத் தானே பராமரித்ததில்லை, முழுக்க ஆசாரியிடம் விட்டதும் இல்லை. வைக்கோல் கரியை விளக்கெண்ணெயில் குழைத்து அச்சுக்கு மசகு போடுவது வண்டிக்காரர் வேலை. கடையாணி தேய்ந்திருக்கிறதா என்று பார்ப்பதும் அவர்தான். சக்கரத்துக்கு இரும்புப் பட்டா போடுவது ஆசாரியும் கொல்லரும். அன்றைக்கும் வண்டிக்காரர் நெருப்புக்குப் பக்கத்திலேயே நிற்பார். பட்டாவைப் பழுக்கக் காய்ச்சி, விரிந்திருக்கும்போதே சக்கரத்தில் ஏற்றி, தண்ணி ஊற்றிச் சுருங்கவிட வேண்டும். அதற்கு நாலு கை போதாது.

எடை பற்றியும் நமக்குப் புதிதாக யாரும் சொல்ல வேண்டியதில்லை. வலியறிதல் அதிகாரத்தில் வள்ளுவர் மயிலிறகு ஏற்றிய வண்டியைச் சொல்லியிருக்கிறார். இறகுதானே என்று அளவுக்கு மீறி ஏற்றினால் அச்சு முறியும். நான் பள்ளிக்கூடத்தில் இதை ஐந்து மார்க்குக்கு எழுதினேன். பொருள் புரிந்தது கல்லிடைக்குறிச்சியில்.

வீடும் லோடுதான்

அதுவும் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மணிமுத்தாறு போய்விட்டுத் திரும்பும்போது பின்பக்கம் டொக்கென்று ஒரு சத்தம். வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. ஸ்பிரிங்கின் மெயின் பட்டை முறிந்திருந்தது. கேபினில் என் மனைவியும் பையனும் இருந்தார்கள். மெதுவாக உருட்டிக்கொண்டு வந்து ஒரு ரோட்டோரப் பட்டறையில் நிறுத்தினேன். சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்த அண்ணாச்சி எழுந்து வந்து, குனிந்து பார்த்தார்.

“என்ன சார் லோடு ஏத்திருக்கிய?”

“லோடு எதுவும் இல்ல அண்ணாச்சி. வீடுதான்.”

“வீடும் லோடுதான சார்?”

எனக்குப் பதில் இல்லை. பதினெட்டு வருஷமாக மென்பொருளில் வேலை பார்க்கிறேன். தினமும் கணக்குதான். ஆனால் அந்தப் பெட்டியைக் கட்டிய ஐந்து மாதத்தில் ஒருநாள்கூட நான் எடை போட்டதில்லை. நான் பார்த்த வீடியோக்களிலும் வாசித்த கையேடுகளிலும் பலகை வெட்டுவது, பெயின்ட் அடிப்பது, விளக்கு மாட்டுவது எல்லாம் இருந்தது. எடைமேடையில் ஏற்றிப் பார் என்று ஆரம்பத்திலேயே சொன்னது ஒன்றோ இரண்டோதான்.

இன்னொரு பட்டை கூடுதலாகப் போட்டுவிடுங்கள், தாங்கும் என்று நான் சொன்னேன். அவர் சிரித்தார்.

“பட்டையக் கூட்டிரலாம் சார். பிரேக்க எங்க கூட்டுவிய?”

அச்சு, டயர், பிரேக், சேஸிஸ் எல்லாமே ஒரு எடைக்குக் கணக்குப் போட்டுச் செய்தவை. ஸ்பிரிங்கை மட்டும் பலப்படுத்தினால் வண்டி சாயாமல் நிமிர்ந்து நிற்கும். அதனால் எடை அதிகம் என்பதே கண்ணுக்குத் தெரியாமல் போகும். அடுத்த தடவை முறிவது பட்டையாக இருக்காது. அவர் முறிந்ததை மட்டும் மாற்றினார். நான் ஜாக்கி போட்டேன், யூ போல்ட்டைக் கழற்றினேன், கம்பியைப் பிடித்தேன். கூலியில் ஐம்பது ரூபாய் குறைத்துக்கொண்டார், கிளீனர் வேலை பார்த்ததற்காம்.

மறுநாள் ஒரு அரிசி ஆலை எடைமேடையில் ஏற்றினேன். ஆர்சியில் போட்டிருந்த மொத்த எடையைவிட 310 கிலோ அதிகம். வீட்டில் வந்து கணக்குப் போட்டதை இங்கே எழுதுகிறேன், யாருக்காவது உதவும்.

தண்ணி லிட்டருக்கு ஒரு கிலோ. 100 லிட்டர் தொட்டி என்றால் 100 கிலோ, தொட்டியின் எடை தனி. எட்டுக்கு நாலடி 12 மில்லிமீட்டர் பிளைவுட் பலகை ஒன்று ஏறக்குறைய 23 கிலோ. நான் ஒன்பது பலகை போட்டிருந்தேன். 100 ஆம்பியர்-அவர் லெட் ஆசிட் பேட்டரி சுமார் 30 கிலோ. இரும்புச் சதுரக் குழாய்ச் சட்டம், அலமாரி, மெத்தை, பாத்திரம் எல்லாம் தனித்தனியாகச் சின்னதுதான். மயிலிறகு. கூட்டினால்தான் தெரியும். அதிலும் தண்ணித் தொட்டியைப் பின் அச்சுக்கும் பின்னால் வைத்திருந்தேன். அது நெம்புகோல் மாதிரி முன்பக்கத்தைத் தூக்கும், ஸ்டியரிங் லேசாகும். மழை ரோட்டில் அது உயிர்ப் பிரச்சினை.

இப்போது அலமாரிகளைப் பிடுங்கிவிட்டு, தொட்டியை 40 லிட்டராக்கி அச்சுக்கு முன்னால் கொண்டுவந்துவிட்டேன். இரும்புச் சட்டத்தில் பாதி அலுமினியம் ஆனது. அளவுக்குள் வந்துவிட்டது. பழைய கூரைக் கசிவுக்குக் காரணமும் தெரிந்தது. சேஸிஸ் ஓடும்போது முறுக்கிக்கொள்ளும். அதன்மேல் பெட்டியை நேராக இறுக்கினால் மூட்டுகள் விரியும். எத்தனை பசை போட்டாலும் அடுத்த ஐப்பசி அடைமழைக்குத் திறந்துகொள்ளும். இடையில் ரப்பர் வைத்துக் கொஞ்சம் இளக்கமாகப் பூட்ட வேண்டும். கூரைத் தகட்டை ஓட்டுவீட்டு ஓடு மாதிரி ஒன்றன்மேல் ஒன்று ஏறவிட்டு, சரிவு கொடுக்க வேண்டும். தண்ணி தானாக வழிய வழி கொடுப்பதுதான் முதல் வேலை, பசை இரண்டாவது காவல்தான்.

இன்னும் இரண்டு விஷயம், சுருக்கமாக. சமையல் காஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில் தேங்கும். அதனால் காற்றுத் துவாரம் தரை மட்டத்தில் இருக்க வேண்டும், மேலே ஜன்னல் மட்டும் போதாது. பேட்டரியிலிருந்து வரும் முதல் ஒயரில், பேட்டரிக்குப் பக்கத்திலேயே பியூஸ் வேண்டும். எங்கோ விளக்குக்குப் பக்கத்தில் வைத்தால், நடுவில் ஒயர் உரசித் தீப்பிடிக்கும்போது அது காப்பாற்றாது.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுப்படி பதிவில் உள்ள விவரம் மாறும்படி வண்டியைத் திருத்த முடியாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை அழுத்திச் சொன்னது. மோட்டார் கேரவனுக்கு ஏஐஎஸ்-124 என்று தனித் தரவிதியே இருக்கிறது. கட்டுவதற்கு முன்பே ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். ஓடும்போது பின்பெட்டியில் ஒருவரும் இருக்கக் கூடாது. இதைச் சட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை.

கூட நிற்பது

‘நீங்களே செய்யுங்கள்’ என்று இந்த வகை எழுத்தை நாம் மொழிபெயர்க்கிறோம். எனக்கு அதில் இப்போது நம்பிக்கை குறைந்துவிட்டது. எங்க ஊரில் நடப்பது வேறு. வண்டிக்காரர் பட்டறையில் வண்டியை விட்டுவிட்டு வீட்டுக்குப் போக மாட்டார். கூட நிற்பார். எடுத்துக் கொடுப்பார், கேட்பார், சில சமயம் எரிச்சலூட்டுவார். அப்படி நின்றுதான் கிளீனர்கள் டிரைவர் ஆனார்கள், டிரைவர்கள் பாதி மெக்கானிக் ஆனார்கள். ஆல் ஜோடின் காது அப்படி வந்ததுதான்.

அந்த நிற்கும் இடம் குறைந்துகொண்டு வருகிறது. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 வந்த பிறகு புது டீசல் வண்டிகளில் புகை வடிகட்டி, சென்சார், கணினிப் பெட்டி என்று நிறைய சேர்ந்துவிட்டது. காற்றுக்கு அது நல்லது, அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் கோளாறு எண்ணைப் படிக்கும் கருவி இல்லாமல் ரோட்டோரப் பட்டறையில் பல வேலைகளைத் தொடவே முடியாது. கம்பெனி சர்வீஸ் சென்டரில் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் காபி குடித்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். பழுதுபார்க்கும் உரிமைக்காக 2022 டிசம்பரில் மத்திய அரசு ஒரு இணையதளம் திறந்தது, வாகனங்களும் அதில் ஒரு பிரிவு. அந்த உரிமை வண்டிச் சொந்தக்காரருக்கு மட்டுமல்ல, கல்லிடைக்குறிச்சி அண்ணாச்சிக்கும் போய்ச் சேர வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை முறியும்போது பிரேக்கை எங்கே கூட்டுவீர்கள் என்று கேட்க ஆள் இருக்காது.

ஆக, என் கோபம் நியாயமா? பாதி. ‘டிராவல்ஸ் வித் சார்லி’ நல்ல புத்தகம். நியூ ஆர்லியன்ஸில் கறுப்பினக் குழந்தை பள்ளிக்கூடம் போவதை எதிர்த்துக் கத்திய பெண்களைப் பற்றிய பகுதிக்காகவே வாசிக்கலாம். ஆனால் கேம்பர் கட்டப்போகிறவர் அதை வழிகாட்டியாக எடுக்க வேண்டாம். ‘கிரேப்ஸ் ஆஃப் ராத்’தின் அந்தக் கனெக்டிங் ராடு அத்தியாயத்தை வாசியுங்கள். அதற்கும் முன்னால் எடைமேடைக்குப் போங்கள்.

பட்டறைக்காரருக்குப் பேர் கொடுக்கவில்லை என்று ஸ்டைன்பெக்கைக் குறை சொல்லிவிட்டு நானும் அண்ணாச்சி பேரை எழுதவில்லை. கேட்டேன். “பேரப் போடாதிய சார். போட்டா ஞாயித்துக்கிழம தூங்க விடமாட்டாவ” என்றார். ஓரிகன்காரரிடமும் யாராவது இதைக் கேட்டிருக்கலாம்.